தொடர்ச்சி பார்ப்பவள்

மன்னவனூர்ப் புல்வெளி, காலை ஏழு பத்து.
காட்சி நாற்பத்தொன்று: இடும்பன் வதம்.
இடது தோளில் சந்தனக் கீற்று மூன்று.
வலது காதில் குண்டலம் இல்லை,
நேற்றைய சண்டையில் விழுந்துவிட்டது.
எழுதிக்கொண்டேன்.
ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே
உலகம் மாறவில்லை என்று சாட்சி சொல்வதற்கு
எனக்கு நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாய்.
இந்த மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி என்றே பெயர்.
அதற்கு யார் குறித்து வைக்கிறார்களோ.

சிவகிரியும் சக்திகிரியும்
மதுரையிலிருந்து டெம்போவில் வந்தன.
தெர்மோகோலின் மேல் சாக்கு, சாக்கின் மேல் பெயின்ட்.
தொட்டால் கையில் பச்சை.
"நிஜ மலை ஃபிரேமுக்குள்ள வரக் கூடாது,
நம்ம மலை சின்னதாத் தெரியும்"
என்றார் கேமராமேன்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் வந்தது.

வர வேண்டிய இடும்பன்
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தியெடுத்து
வத்தலக்குண்டுக்கே திரும்பிவிட்டார்.
கழுத்துக்குக் கீழே மட்டும் போதுமென்று
பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றும் சடையாண்டியைப்
பிடித்து வந்தார்கள்.
அறுபது கிலோ பழகிய தோள்
எடையே இல்லாத மலையின் கீழ்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.
"கனமா இருக்கிற மாதிரி பண்ணுங்கண்ணே."
"கனமா இருந்தா மூஞ்சியில ஒண்ணும் தெரியாது தம்பி.
மூச்சுல மட்டுந்தான் தெரியும்."
அதெல்லாம் வேண்டாம், முனகுங்கள் என்றார்கள்.
முனகினார்.

முருகன் திருப்பூர்க்காரி. ஏழு வயது. பெயர் தன்ஷிகா.
குளிரில் உதடு நீலமாகி
மூன்று முறை சாயம் பூசியாயிற்று.
ஷாட் முடிந்ததும் ஸ்வெட்டருக்குள் புகுந்துகொண்டு
வேலை அக்குளில் இடுக்கிச் சுடுபால் குடிப்பாள்.
கடவுளுக்கு மூக்கு ஒழுகுகிறது,
அடுத்த ஷாட்டுக்குள் துடைக்கவும்
என்று குறித்தேன்.

இடும்பிக்கு ஒரே வசனம்.
"ஐயனே, என் மாங்கல்யத்தைக் காத்தருளும்!"
பிறகு ஒளி, பிறகு தொடரும்.
விடிய விடிய நாடக மேடையில் நின்று பழகிய மரகதவல்லி
வேடசந்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
இந்த ஒரு வரிக்கு வந்திருந்தார்.

அவர் வாயைத் திறக்கும்போது
ஆடிக்காற்று சக்திகிரியைத் தூக்கிற்று.
மலை புரண்டது, எழும்பியது,
சோலைக்குள் பறந்தது.
யூனிட் முழுக்கப் பின்னால் ஓடியது.
கேமராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஈரப்புல்லில் சடையாண்டி செத்துக் கிடந்தார்.
கட் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாதென்று
சொல்லியிருந்தார்கள்.
மரகதவல்லி அவர் பாதத்தைப் பிடித்தார்.
சேற்றை முந்தானையால் துடைத்தார்.
பிள்ளையைப் பார்த்துக் கேட்டார், கத்தாமல்,
கடைக்காரரிடம் கணக்குக் கேட்பது போல:
"தூக்கிட்டு வான்னு சொன்னாங்க, தூக்கியாந்தான்.
கை ஓஞ்சுது, கீழ வெச்சான்.
அதுக்கா சாமி கொல்லுவ?"

தன்ஷிகா பால் டம்ளரைக் கீழே வைத்தாள்.
ஸ்வெட்டரோடு வந்தாள்.
சூடேறிய கையை அவர் நெற்றியில் வைத்து
"சாரி மாமா, எந்திரிங்க" என்றாள்.
சடையாண்டி எழுந்தார்.
அப்புறம் மூவரையும் மஞ்சு மூடிக்கொண்டது.

மானிட்டரில் பார்த்தபின்
டைரக்டர் என் பக்கம் திரும்பினார்.
"ஒட்டுமா?"
ஸ்வெட்டர். மஞ்சு. ஒரு மலை குறைவு.
பின்னால் நிஜ மலை வேறு, முழுசாக.
"ஒட்டாது சார்" என்றேன்.
சரியாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு
கழுத்துக்குக் கீழே மட்டும் செத்த இடும்பன்
கையிலிருந்து பாய்ந்த நீல ஒளியில் பிழைத்து எழுந்தான்.
நடுவில் சோப்பு விளம்பரம்.

ஆனால் அன்று சாயங்காலமே
ஃபாரஸ்ட் கார்டு போன் செய்திருந்தார்,
உங்கள் மலை எங்கள் ஓடையில் கிடக்கிறது,
அபராதத்துக்கு முன்னால் எடுத்துப் போங்கள் என்று.
இருநூறு கொடுத்துச் சடையாண்டியை அனுப்பினார் மேனேஜர்.
இருட்டும் நேரத்தில் சரிவேறி வந்தார்,
சாக்கெல்லாம் தண்ணீர் குடித்து
மலை அவர் தோளை அழுத்த.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
மூச்சு மட்டும்.
கேமராக்கள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன.
எந்தத் தோள் என்றுகூட நான் குறிக்கவில்லை.